கால்க்கில் ஒரு ரோட்டரி இன்ஜின்: திரையில் வரைந்து மெஷினில் வெட்டலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கடிதம் டைப் செய்து பார்ப்பார்கள். பிறகு பாட்டு, படம், விளையாட்டு என்று போவார்கள். அதே கம்ப்யூட்டரால் ஓர் இன்ஜின் பாகத்தின் வடிவத்தைக் கணக்கிட்டு, வரைந்து, வெட்டும் மெஷினுக்குக் கட்டளையும் அனுப்ப முடியும். அதற்குப் பெரிய விலை கொடுத்து எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். எக்ஸெல் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம்.

இந்தப் பாடத்தில் நாம் எடுத்துக்கொள்வது ரோட்டரி இன்ஜின். இதன் உட்சுவர் வளைவை ஸ்ப்ரெட்ஷீட்டில் உருவாக்குவோம். ஓர் உண்மையான இன்ஜினின் அளவுகளை வைத்து அது சரிதானா என்று பார்ப்போம். பிறகு பாதி அளவில் அக்ரிலிக் தகட்டில் வெட்டுவதற்கான ஜி-கோட் பைலைத் தயாரிப்போம். மெஷின் இல்லாதவர்களும் பைல் வரை செய்து, திரையிலேயே வெட்டிப் பார்க்கலாம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் காட்டும் எண் ஒன்று, மெஷின் வெட்டித் தரும் அளவு இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தெரிந்துகொள்வதுதான் இந்தப் பாடத்தின் நோக்கம்.

ரோட்டரி இன்ஜின் என்றால் என்ன?

நம் பைக்கிலும் காரிலும் உள்ள இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. ரோட்டரி இன்ஜினில் பிஸ்டன் கிடையாது. பக்கங்கள் லேசாக உப்பிய முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று, இடுப்பு ஒடுங்கிய முட்டை வடிவக் கூட்டுக்குள் சுற்றுகிறது. ரோட்டரின் மூன்று முனைகளும் எப்போதும் சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அதனால் மூன்று அறைகள் உண்டாகின்றன. சுற்றச் சுற்ற ஒவ்வோர் அறையும் பெரிதாகிச் சிறிதாகிறது. இழுத்தல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் என்ற நான்கு வேலைகளும் இப்படியே நடந்துவிடுகின்றன.

இதை உருவாக்கியவர் ஜெர்மனியைச் சேர்ந்த பெலிக்ஸ் வாங்கல். என்.எஸ்.யு. கம்பெனியில் இவருடைய முதல் மாதிரி இன்ஜின் 1957-ல் ஓடியது. அதே கம்பெனியின் இன்ஜினீயர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே அதை எளிமையாக்கி இன்று நாம் காணும் வடிவத்துக்குக் கொண்டு வந்தார். ஜப்பானின் மாஸ்டா கம்பெனி உரிமம் பெற்று, 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1991-ல் நான்கு ரோட்டர் கொண்ட மாஸ்டா 787பி கார் பிரான்ஸ் நாட்டின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. ஆர்எக்ஸ்-7 கார் 2002-லும், ஆர்எக்ஸ்-8 கார் 2012-லும் தயாரிப்பில் இருந்து நின்றன. 2023-ல் மாஸ்டா எம்எக்ஸ்-30 காரில், பேட்டரிக்கு மின்சாரம் தயாரிக்கும் இன்ஜினாக 830 சி.சி. கொள்ளளவுள்ள ஒற்றை ரோட்டர் திரும்பி வந்தது.

பழைய ஆர்எக்ஸ் கார்களை வைத்திருக்கும் ஆர்வலர்கள் ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் இருக்கிறார்கள். தங்களுக்குத் தேவையான சில பாகங்களை வீட்டு மெஷினிலேயே செய்துகொள்பவர்களும் அவர்களில் உண்டு.

எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

வீட்டில் செய்யத்தக்கவை: சென்சார் பொருத்தும் தாங்கிகள், தேவையில்லாத துளையை மூடும் தட்டையான தகடுகள், கேஸ்கட் வெட்டுவதற்கான அச்சுகள், துளை போட உதவும் ஜிக்குகள், விளக்க மாதிரிகள். இவற்றில் பெரிய அழுத்தமோ வேகச் சுழற்சியோ கிடையாது. தவறாக வந்தால் தகடுதான் வீண்.

வீட்டில் செய்யக்கூடாதவை: ரோட்டர், எக்சென்ட்ரிக் ஷாப்ட், கியர்கள், முனைகளில் பொருத்தும் அபெக்ஸ் சீல்கள், உண்மையான இன்ஜின் கூடு. காரணம் எளிது. ஆர்எக்ஸ்-8 காரின் இன்ஜின் ஷாப்ட் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும். ரோட்டர் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3,000 சுற்று. அந்த வேகத்தில் விரிசல் விட்ட பாகம் இன்ஜினோடு நிற்காது, பக்கத்தில் நிற்பவரையும் தாக்கும்.

கூட்டின் உட்சுவரும் சாதாரண அலுமினியம் அல்ல. மாஸ்டாவின் 13பி இன்ஜினில் அலுமினிய வார்ப்புக்குள் இரும்புத் தகடு ஒன்றைப் பதித்து, அதன்மேல் கடின குரோமியம் பூசியிருக்கிறார்கள். இந்தப் பூச்சுக்கான ரசாயனங்கள் நச்சு. வீட்டில் நினைக்கவே கூடாது. சீல் எவ்வளவு தொல்லை தரும் என்பதற்கு மாஸ்டாவின் ஆரம்ப கால அனுபவமே சாட்சி. அவர்களுடைய சோதனை இன்ஜின்களில் சீல்கள் அதிர்ந்து சுவர் முழுக்க வரி வரியாகக் கீறல் விழுந்தது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பேயின் நகக்கீறல்'. கென்இச்சி யாமமோட்டோ தலைமையில் ஒரு பெரிய குழு வருடக்கணக்கில் உழைத்துத்தான் அதைச் சரி செய்தது.

ஆகவே நம் பாடத்தில் செய்யப்போவது விளக்க மாதிரி மட்டுமே. ஆனால் இதில் வரும் கணக்கும் கவனமும் எந்தப் பாகத்துக்கும் பொருந்தும்.

பாடம் 1: வளைவைக் கால்க்கில் உருவாக்குதல்

கூட்டின் வளைவுக்குப் பெயர் எபிட்ரோகாய்டு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டே எண்கள் போதும். ஒன்று, ரோட்டரின் நடுவில் இருந்து முனை வரை உள்ள தூரம். 13பி இன்ஜினில் இது 105 மி.மீ. மற்றொன்று, ஷாப்ட்டின் நடுவில் இருந்து ரோட்டரின் நடு எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. இது 15 மி.மீ. இவற்றுடன் கூட்டின் அகலமான 80 மி.மீ.-ஐயும் சேர்த்துக்கொள்வோம்.

ஒரு குறிப்பு: இங்கே செல் பெயர்களும் கட்டளைகளும் தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்டுள்ளன. கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள்.

1. கால்க்கைத் திறந்து புதிய ஷீட் எடுங்கள். கே1 செல்லில் 105, கே2-ல் 15, கே3-ல் 80, கே4-ல் 4 என்று டைப் செய்யுங்கள். கடைசி எண் வெட்டும் கட்டரின் ஆரம். 8 மி.மீ. விட்டமுள்ள கட்டருக்கு 4.

2. ஏ1, பி1, சி1 செல்களில் கோணம், எக்ஸ், ஒய் என்று தலைப்புக் கொடுங்கள்.

3. ஏ2-ல் 0, ஏ3-ல் 1 கொடுங்கள். இரண்டையும் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து ஏ362 வரை இழுங்கள். 0 முதல் 360 வரை எண்கள் தாமாக நிரம்பும்.

4. பி2 செல்லில் இந்த பார்முலாவை டைப் செய்யுங்கள்:

=$கே$1*காஸ்(ரேடியன்ஸ்(ஏ2))+$கே$2*காஸ்(ரேடியன்ஸ்(3*ஏ2))

5. சி2 செல்லில் காஸ் உள்ள இரண்டு இடங்களிலும் சைன் கொடுங்கள்:

=$கே$1*சைன்(ரேடியன்ஸ்(ஏ2))+$கே$2*சைன்(ரேடியன்ஸ்(3*ஏ2))

6. பி2, சி2 இரண்டையும் தேர்ந்தெடுத்து 362-ம் வரிசை வரை இழுங்கள்.

இதில் டாலர் குறி எதற்கு? பார்முலாவைக் கீழே இழுக்கும்போது ஏ2 என்பது ஏ3, ஏ4 என்று மாறிக்கொண்டே போகும். கே1, கே2 அப்படி மாறிவிடக்கூடாது. டாலர் குறி அவற்றை அசையாமல் பிடித்து வைக்கிறது. ரேடியன்ஸ் எதற்கு? கால்க்குக்கு டிகிரி கணக்கு புரியாது. மாற்றிக் கொடுத்தால்தான் சரியான விடை வரும்.

இப்போது பி, சி நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் மெனுவில் சார்ட் கிளிக் செய்து, எக்ஸ்-ஒய் ஸ்கேட்டர் வகையில் கோடுகள் மட்டும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். இடுப்பு ஒடுங்கிய முட்டை வடிவம் திரையில் தோன்றும். சார்ட் பெட்டியின் அகலமும் உயரமும் பொருந்தாவிட்டால் உருவம் நசுங்கித் தெரியலாம். உருவத்தை விட்டுவிட்டு எண்களைப் பாருங்கள்.

சரிபார்க்க மூன்று இடங்கள்: 0 டிகிரியில் எக்ஸ் 120, ஒய் 0. 30 டிகிரியில் எக்ஸ் 90.933, ஒய் 67.5. 90 டிகிரியில் எக்ஸ் 0, ஒய் 90. ஆக, நீளம் 240 மி.மீ., இடுப்பில் அகலம் 180 மி.மீ.

பாடம் 2: கொள்ளளவு சரியா?

இன்னொரு சோதனையும் செய்யலாம். ஓர் அறையின் கொள்ளளவைத் தரும் சூத்திரம் இது: 3, 3-ன் வர்க்கமூலம், விலகல், ஆரம், அகலம் ஆகிய ஐந்தையும் பெருக்க வேண்டும். கே6 செல்லில் இப்படிக் கொடுங்கள். எஸ்க்யூஆர்டி என்பது வர்க்கமூலம் காணும் கட்டளை.

=3*எஸ்க்யூஆர்டி(3)*கே2*கே1*கே3/1000

விடை சுமார் 654.7 சி.சி. மாஸ்டா 13பி இன்ஜினுக்குக் குறிப்பிடும் கொள்ளளவு ஒரு ரோட்டருக்கு 654 சி.சி., இரண்டு ரோட்டருக்கு 1,308 சி.சி. உங்கள் கணக்கு தொழிற்சாலையின் கணக்கோடு பொருந்துகிறது. கே3-ஐ 70 ஆக்கிப் பாருங்கள். 573 வரும். அது மாஸ்டாவின் 12ஏ இன்ஜின். பார்த்துவிட்டு மறுபடி 80 ஆக்கிவிடுங்கள்.

எத்தனை புள்ளிகள் வேண்டும்?

நாம் செய்திருப்பது உண்மையில் வளைவு அல்ல. 360 சிறிய நேர்க்கோடுகள். மெஷினும் ஒவ்வொரு புள்ளிக்கும் நேர்க்கோட்டில்தான் போகும். அதனால் கோட்டுக்கும் உண்மையான வளைவுக்கும் சிறு இடைவெளி விழும். 5 டிகிரிக்கு ஒரு புள்ளி வைத்தால் இந்த இடைவெளி அதிகபட்சம் 0.23 மி.மீ. கையால் தடவினாலே முனைகள் தெரியும். 1 டிகிரிக்கு ஒரு புள்ளி வைத்தால் அது 0.009 மி.மீ. ஆகிவிடும். அரை டிகிரி வைத்தால் 0.0023 மி.மீ.

புள்ளிகளை இரண்டு மடங்காக்கினால் பிழை நான்கில் ஒன்றாகிறது. அப்படியானால் லட்சம் புள்ளிகள் வைக்கலாமே என்று தோன்றும். பயனில்லை. வீட்டு மெஷினின் சொந்தப் பிழை இதைவிடப் பெரியது. பைல்தான் வீணாகப் பெருக்கும். நம் வேலைக்கு 1 டிகிரி போதும்.

பாடம் 3: கட்டரின் ஆரம்

பலரும் சறுக்குவது இங்கேதான். இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

மெஷினுக்கு நாம் சொல்வது கட்டரின் நடுப்புள்ளி போக வேண்டிய வழி. 8 மி.மீ. கட்டர் நடுவில் இருந்து 4 மி.மீ. தள்ளி வெட்டும். எனவே கட்டரின் நடு, சுவரில் இருந்து 4 மி.மீ. உள்ளே தள்ளிப் போக வேண்டும். இதற்குச் சுலபமாகத் தோன்றும் வழி, 105-ல் 4-ஐக் கழித்து 101 என்று கொடுத்துவிடுவது. செய்து பார்த்தால் நீளம் 232, இடுப்பு 172 என்று வரும். கட்டர் இரு பக்கமும் 4 மி.மீ. வெட்டும். ஆக 240, 180. எல்லாம் சரி போலவே தெரியும்.

ஆனால் தவறு. வெர்னியர் காலிப்பர் வைத்து நீளமும் இடுப்பும் அளந்தால் இரண்டும் சரியாகவே காட்டும். அதே நேரம் 58 டிகிரி அருகே சுவர் சுமார் 0.4 மி.மீ. ஆழமாக வெட்டப்பட்டிருக்கும். இதே போல மொத்தம் நான்கு இடங்கள். 0.4 மி.மீ. என்பது சாதாரணத் தாள் நான்கை அடுக்கிய கனம். நிஜ இன்ஜினாக இருந்தால் சீல் அந்த நான்கு இடங்களில் சுவரை விட்டு விலகும். வாயு ஒரு அறையில் இருந்து அடுத்த அறைக்குக் கசியும்.

ஏன் இப்படி? 4 மி.மீ.-ஐ இன்ஜினின் நடுவை நோக்கிக் கழிக்கக்கூடாது. சுவருக்குச் செங்குத்தாகக் கழிக்க வேண்டும். நீளக் கடைசியிலும் இடுப்பிலும் இந்த இரண்டு திசைகளும் ஒன்றே. மற்ற இடங்களில் அவை பிரிகின்றன. அதிகபட்சம் 25 டிகிரி வரை சாய்கின்றன.

சரியான வழி இதோ. சில நெடுவரிசைகளைச் சேர்ப்போம்.

டி2: =$கே$1*காஸ்(ரேடியன்ஸ்(ஏ2))+3*$கே$2*காஸ்(ரேடியன்ஸ்(3*ஏ2))

ஈ2: =$கே$1*சைன்(ரேடியன்ஸ்(ஏ2))+3*$கே$2*சைன்(ரேடியன்ஸ்(3*ஏ2))

எஃப்2: =எஸ்க்யூஆர்டி(டி2*டி2+ஈ2*ஈ2)

ஜி2: =பி2-$கே$4*டி2/எஃப்2

ஹெச்2: =சி2-$கே$4*ஈ2/எஃப்2

இவற்றையும் 362-ம் வரிசை வரை இழுங்கள். ஜி, ஹெச் இரண்டும் கட்டர் நடு போக வேண்டிய வழி. சோதனைக்கு 58 டிகிரி வரிசையைப் பாருங்கள். ஜி 40.262, ஹெச் 86.640 என்று இருக்க வேண்டும். வேறு எண் வந்தால் டைப் செய்ததில் எங்கோ பிழை.

பிரீகேட் போன்ற இலவச சாப்ட்வேர்களில் இந்த வேலையைச் சாப்ட்வேரே செய்துவிடும். இருந்தாலும் ஒரு முறை நாமே கணக்குப் போட்டுப் பார்த்தால், சாப்ட்வேர் தருவது சரியா என்று சொல்லும் தைரியம் வரும்.

பாடம் 4: ஜி-கோட் தயாரித்தல்

1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் துளையிட்ட காகித நாடாவைப் படித்து வெட்டும் மில்லிங் மெஷினைச் செய்து காட்டினார்கள். இன்றைய சி.என்.சி. மெஷின்கள் அதன் வாரிசுகள். அவற்றுக்குப் புரியும் மொழி ஜி-கோட். ஜி1 என்றால் சொல்லப்பட்ட வேகத்தில் நேர்க்கோட்டில் போ. ஜி0 என்றால் வெட்டாமல் வேகமாகப் போ. ஜி21 என்றால் அளவுகள் மில்லிமீட்டரில். ஜி90 என்றால் எல்லா அளவும் ஒரே மூலப்புள்ளியில் இருந்து. எம்3 கட்டரைச் சுழல வைக்கும், எம்5 நிறுத்தும்.

இப்போது பாதி அளவுக்கு மாற்றுவோம். கே1-ல் 52.5, கே2-ல் 7.5 கொடுங்கள். 3 மி.மீ. கட்டருக்காகக் கே4-ல் 1.5 கொடுங்கள். ஷீட் முழுவதும் நொடியில் மாறிவிடும். முதல் வரிசையில் ஜி 58.5, ஹெச் 0 என்று இருக்கும்.

ஐ2 செல்லில் இதைக் கொடுத்து 362 வரை இழுங்கள்:

="ஜி1 எக்ஸ்"&ரவுண்ட்(ஜி2,3)&" ஒய்"&ரவுண்ட்(ஹெச்2,3)

ரவுண்ட் கட்டளையை விட்டுவிடாதீர்கள். பூஜ்ஜியம் வர வேண்டிய இடத்தில் கால்க் சில சமயம் மிக மிகச் சிறிய எண்ணை, நடுவில் ஈ என்ற எழுத்துப் போட்டுத் தரும். மெஷினுக்கு அது புரியாது. மூன்று தசம இடங்களுக்குச் சுருக்கினால் இந்தத் தொல்லை இல்லை.

நோட்பேடைத் திறந்து முதலில் இந்த வரிகளை டைப் செய்யுங்கள்:

ஜி21
ஜி90
ஜி0 இசட்5
எம்3 எஸ்8000
ஜி0 எக்ஸ்58.5 ஒய்0
ஜி1 இசட்-1 எஃப்100
எஃப்300

இதன் கீழே ஐ நெடுவரிசை முழுவதையும் காப்பி செய்து பேஸ்ட் செய்யுங்கள். ஒரு சுற்றில் 1 மி.மீ. ஆழம் வெட்டும். 6 மி.மீ. அக்ரிலிக்குக்கு ஆறு சுற்றுகள் தேவை. எனவே ஜி1 இசட்-2 எஃப்100, அடுத்து எஃப்300, மறுபடி முழு நெடுவரிசை என்று ஆறு முறை அடுக்குங்கள். வளைவு தொடங்கிய இடத்திலேயே முடிவதால் நடுவில் கட்டரைத் தூக்க வேண்டியதில்லை. கடைசியில் ஜி0 இசட்5, எம்5, எம்2.

சேவ் செய்யும்போது 'சேவ் ஆஸ் டைப்' பெட்டியில் ஆல் பைல்ஸ் தேர்ந்தெடுத்து, பைல் பெயரின் முடிவில் புள்ளி போட்டு என்.சி. என்று கொடுங்கள். இல்லாவிட்டால் நோட்பேடு தானாக டெக்ஸ்ட் பைல் ஆக்கிவிடும்.

வெட்டும் முன் திரையில் வெட்டுங்கள்

கேமோடிக்ஸ் என்ற இலவச சிமுலேஷன் சாப்ட்வேரில் பைலைத் திறந்தால், கட்டர் போகும் வழியும் வெட்டிய பிறகு தகடு எப்படி இருக்கும் என்பதும் திரையில் தெரியும். நடுவில் ஒரு கோடு குறுக்கே ஓடினால் பேஸ்ட் செய்ததில் ஏதோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது. இந்த நிலையில் பிழை கண்டுபிடித்தால் செலவு பூஜ்ஜியம்.

சிமுலேஷனுக்கும் ஓர் எல்லை உண்டு. தகடு நழுவுவது, கட்டர் மழுங்கியிருப்பது, மெஷின் ஆடுவது எதுவும் அதற்குத் தெரியாது. அதனால் அடுத்ததாகக் காற்றில் ஓட்டுங்கள். அதாவது தகடு வைக்காமல், கட்டரும் மாட்டாமல், மெஷினை முழு பைலுக்கும் ஓட விடுங்கள். எங்காவது முட்டுகிறதா, எல்லை தாண்டுகிறதா என்று பாருங்கள்.

உங்கள் மெஷின் உண்மையில் எவ்வளவு துல்லியம்?

3018 என்று விற்கப்படும் சிறிய சி.என்.சி. மெஷின்களின் வேலைப் பரப்பு 300 மி.மீ.க்கு 180 மி.மீ. இவற்றை கிரபிள் என்ற இலவச சாப்ட்வேர்தான் பெரும்பாலும் இயக்குகிறது. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படிகள். ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரித்து, திருகு ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்ந்தால், 1 மி.மீ.க்கு 800 படிகள். ஒரு படி 0.00125 மி.மீ. திரையில் இவ்வளவு நுட்பமான எண்ணைப் பார்த்து மயங்கிவிடக்கூடாது.

திருகுக்கும் நட்டுக்கும் நடுவில் சிறிது தளர்வு இருக்கும். இதற்குப் பேக்லாஷ் என்று பெயர். மெஷின் திசை திரும்பும்போது மோட்டார் சுற்றும், ஆனால் மேஜை கொஞ்ச நேரம் அசையாது. நம் வளைவில் திசை திரும்பும் இடங்கள் பல. அங்கெல்லாம் சின்னப் படி விழும். சிறிய மெஷினின் சட்டமும் வெட்டும்போது வளைந்து கொடுக்கும். அக்ரிலிக், மரம் போன்றவற்றுக்குப் பரவாயில்லை. உண்மையான இன்ஜின் கூட்டை வெட்ட முடியாது என்பதற்கு இதுவும் காரணம்.

இரண்டு சோதனைகள் செய்யுங்கள். மெஷினை 100 மி.மீ. நகரச் சொல்லி, உண்மையில் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து பாருங்கள். பிறகு ஒரு புள்ளிக்கு இடமிருந்தும் வலமிருந்தும் வரவழைத்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். முதலாவது கணக்குப் பிழை, அமைப்பை மாற்றிச் சரி செய்யலாம். இரண்டாவது பேக்லாஷ், திருகையும் நட்டையும் சரி செய்தால்தான் குறையும்.

அட்டை முக்கோணச் சோதனை

வெட்டிய தகட்டின் நீளம் 120, இடுப்பு 90 என்று காலிப்பர் காட்டினால் மட்டும் திருப்தி அடையாதீர்கள். அது எப்படி ஏமாற்றும் என்று பார்த்தோம். பதிலாக, 90.9 மி.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணம் ஒன்றைக் கெட்டி அட்டையில் வெட்டுங்கள். அதைக் கூட்டுக்குள் வைத்து மெல்லச் சுற்றுங்கள். வளைவு சரியாக இருந்தால் மூன்று முனைகளும் எல்லா நிலையிலும் சுவரைத் தொட்டபடியே போகும். எங்காவது இறுகினால் அல்லது இடைவெளி தெரிந்தால் அந்த இடத்தில் பிழை. ரோட்டரி இன்ஜின் ஏன் வேலை செய்கிறது என்பதும் இந்த ஒரு சோதனையிலேயே கைக்குப் புரிந்துவிடும்.

கவனம்! கவனம்!

* கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சாதாரண மூக்குக் கண்ணாடி போதாது.
* கட்டர் சுற்றும்போது கையுறை போடாதீர்கள். துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, செயின் எதுவும் அருகில் வரக்கூடாது. நீண்ட கூந்தலைக் கட்டிக்கொள்ளுங்கள்.
* தகட்டை நான்கு பக்கமும் இறுக்கிப் பிடிக்க வைத்து, அடியில் ஒரு பலகையும் வையுங்கள். வெட்டி முடியும்போது நடுத் துண்டு விடுபட்டுக் கட்டரில் மாட்டும். இருபக்க ஒட்டு டேப் வைத்து அதையும் பலகையோடு ஒட்டிவிடுங்கள்.
* அக்ரிலிக் உருகி கட்டரில் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். சுற்று வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.
* வேலை தொடங்கும் முன் கம்ப்யூட்டரில் ஸ்லீப் வசதியை நிறுத்தி வையுங்கள். விண்டோஸ் அப்டேட் பாதியில் ரீஸ்டார்ட் செய்யாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.
* மின்சாரம் போய்த் திரும்பினால் விட்ட இடத்தில் இருந்து தொடராதீர்கள். மெஷின் தன் இடத்தை மறந்திருக்கும். கட்டரைத் தூக்கி, மூலப்புள்ளியை மறுபடி வைத்து ஆரம்பியுங்கள்.
* ஓடும் மெஷினைத் தனியே விட்டுப் போகாதீர்கள். அவசர நிறுத்தப் பட்டன் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். குழந்தைகள் அருகில் வர வேண்டாம்.

மெஷின் இல்லாதவர்கள் பைலைப் பக்கத்தில் உள்ள சி.என்.சி. பட்டறையில் கொடுத்து வெட்டித் தரச் சொல்லலாம். அப்போது தகட்டின் கனம், கட்டர் விட்டம், பைலில் உள்ள வழி சுவரா கட்டர் நடுவா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இரண்டு பேரும் கட்டர் ஆரத்தைக் கழித்துவிட்டால் பாகம் சிறுத்துவிடும். யாருமே கழிக்காவிட்டால் பெருத்துவிடும். பட்டறைக்காரர் பைலில் உள்ளபடிதான் வெட்டுவார். அதில் உள்ள எண்களுக்குப் பொறுப்பு நீங்கள்தான்.

வீட்டுப் பயிற்சி: கே2-ல் 7.5-க்குப் பதில் 5 கொடுத்துப் பாருங்கள். பிறகு 10 கொடுங்கள். இடுப்பு எப்படி மாறுகிறது, கொள்ளளவு எப்படி மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விலகல் கூடினால் கொள்ளளவு கூடும், அதே நேரம் முனைகள் சுவரில் இன்னும் அதிகமாகச் சாயும். இன்ஜின் வடிவமைப்பவர் தினமும் செய்யும் பேரம் இதுதான். அதை இப்போது உங்கள் கால்க் ஷீட்டிலேயே செய்து பார்க்கலாம்.